முன்சீட்டுக் குளிர்

ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காற்று சற்று மூச்சு வாங்கிக்கொண்ட நேரம் பார்த்து, அந்தப் பச்சை நிற பெஜோ 404 கார் ஓயார்சோ ஒர்க்‌ஷாப்புக்குள் வந்து நின்றது. பேய்க்கதைக்கு இருட்டு வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் மன்னிக்க வேண்டும். உலகத்தின் தென்கோடியிலுள்ள பூந்தா அரேனாஸில் ஜனவரி என்பது கோடை. இரவு பத்து மணிக்கும் கடலுக்கு மேலே வெளிச்சம் மிச்சம் இருக்கும். இதில் நடந்தது எல்லாமே அந்த வெளிச்சத்தில்தான் நடந்தது, அதுதான் இதிலுள்ள வேதனை.

காரிலிருந்து இறங்கிய மிர்கோ ஸ்தானிச்சின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான்கு கண்ணாடிகளும் இறக்கிவிடப்பட்டிருந்தன. உள்ளேயிருந்து அடுப்பைத் திறந்தாற்போல் சூடு வந்தது.

"நெலிதா, இந்த ஹீட்டர் என்னை வேகவெச்சே கொன்னுடும்மா. மூடவே மாட்டேங்குது."

நெலிதா ஓயார்சோவுக்கு நாற்பத்தி நான்கு வயது. அப்பா இறந்தபின் ஒர்க்‌ஷாப்பை எடுத்து நடத்துகிறவள். பழைய காரின் வயரிங் என்றால் மகெல்லன் நீரிணையின் இக்கரையில் அவளை விட்டால் ஆள் கிடையாது. அவள் தம்பி ரமிரோ அவளுக்குக் கீழே வேலை செய்கிறான், அதாவது பாதி நேரம் வேலை, பாதி நேரம் வாய்.

"இது உங்க மாமா வாத்தியார் எஸ்தேவானோட காருதானே?" என்றாள்.

"அதேதான். போன மாசம் போயிட்டாரு, காரு எனக்கு வந்துச்சு. அந்த மனுஷன் நாப்பது வருஷம் இந்தச் சூட்டுலயே ஓட்டியிருக்காரு. கோடையிலயும்! முன்சீட்டுல மட்டும் ஒருத்தரையும் ஏத்தமாட்டாரு. மாமியவே பின்னாடிதான் உக்கார வெப்பாரு. கஞ்சன்தான், ஆனா சீட்டுக்குக்கூடவா கஞ்சத்தனம்?"

ரமிரோ மாத்தே என்ற மூலிகை டீ டம்ளரின் குழலை உறிஞ்சியபடி சிரித்தான். "அண்ணே, உங்க காருல சூடு மூடலை. எங்க வேன்ல ரெண்டு வருஷமா சூடே வரலை. ஊருக்கெல்லாம் அக்கா ஹீட்டர் பாப்பாங்க, சொந்தத் தம்பி குளிர்காலத்துல கம்பளி சுத்திக்கிட்டு வேன் ஓட்டணும்."

"டேஷ்போர்டு கழட்டணும்டா அதுக்கு. நேரம் எங்க இருக்கு? அடுத்த வாரம் பாக்கலாம்," என்றாள் நெலிதா. இரண்டு வருடமாக அதே அடுத்த வாரம்தான்.

ஆனால் வாடிக்கையாளர் காரில் அவள் ஒரு வேலையையும் தள்ளிப்போட்டதில்லை. அது அப்பா ஹிலாரியோ வைத்த வழக்கம். அந்த மனிதர் டேஷ்போர்டைக் கழற்றிவிட்டால் பைத்தியம் பிடித்தவர்போல் ஆகிவிடுவார். தொறந்தாச்சு, எல்லாத்தையும் முடிச்சுட்டுத்தான் மூடணும் என்று வயிற்று வலியோடுகூட விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார். ஏன் இந்த வெறி என்று அவள் கேட்டதற்கு ஒருநாளும் பதில் வந்ததில்லை.

அதனால் மாற்ற வேண்டியதையெல்லாம் அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஹீட்டருக்கு வெந்நீர் திறந்துவிடும் டேப். ஹீட்டருக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர். துணி சுற்றிய பழைய வயர் மொத்தமும். வைப்பர் கட்டை. ஸ்பீடோமீட்டர் கேபிள். கண்ணாடி ரப்பர். இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே ஒட்டியிருக்கும் தார் அட்டை.

"வெள்ளிக்கிழமை தந்துடு போதும்," என்றார் மிர்கோ. "அன்னைக்கு மாமாவுக்காக முப்பத்தொண்ணாவது கிலோமீட்டர் வரைக்கும் போய் ஹாரன் அடிச்சுட்டு வரணும். அங்க அனிமீத்தாவுக்கு அவர் ஹாரன் அடிக்காமப் போனதே இல்லை."

சாலையில் செத்தவர்களுக்கு செத்த இடத்திலேயே வைக்கும் நாய்க்கூண்டு அளவு வீடுதான் அனிமீத்தா. முப்பத்தொன்றாவது கிலோமீட்டரில் இருப்பது ஆர்மிந்தா என்ற பதினேழு வயதுப் பெண்ணுடையது. ஊர்ப் பெண்கள் அதன் வாசலில் பின்னல் கையுறைகளை வைத்துவிட்டுப் போவார்கள். அதற்கு முன் நின்று வாய்விட்டு ஒன்றை நேர்ந்துகொண்டால் செய்தே தீர வேண்டும் என்பது அங்குள்ள எந்தக் குழந்தைக்கும் தெரியும்.

"ஆர்மிந்தாவை ஏத்திக்கிட்டு வந்தது உங்க மாமாதானா?" என்றான் ரமிரோ.

"எண்பத்தாறு ஜூலை. பனிப்புயல். பண்ணையில வேலை செஞ்ச பொண்ணு, ரோட்டுல நடந்து வந்துச்சாம். ஏத்திக்கிட்டாரு. முப்பத்தொண்ணுல காரு பனியில மாட்டி அஞ்சு மணி நேரம். காரு நகந்தப்போ பொண்ணுக்கு உயிர் இல்லை." மிர்கோ தொப்பியை மாட்டிக்கொண்டார். "இதே காருதான். பயமா இருந்தா சொல்லுடா, வேற ஆளைப் பாக்கறேன்."

"நான் பயப்படறது அக்காவுக்கு மட்டும்தான் அண்ணே."

அன்று மாலையே டேஷ்போர்டு கழன்று பெஞ்சில் கிடந்தது. அதன் பின்பக்கத்தை நெலிதா ஆசையோடு துடைத்துப் பார்த்தாள். டேஷ்போர்டைத் திறக்கிற மெக்கானிக், மூடுமுன் உள்ளே மஞ்சள் மெழுகுக் கோலால் பெயரும் தேதியும் எழுதுவது அந்த ஊர்த் தொழில்காரர்களின் வழக்கம். காருக்குச் சொந்தக்காரன் அதைப் பார்க்கவே மாட்டான். அடுத்துத் திறக்கிற மெக்கானிக் மட்டும்தான் பார்ப்பான். இந்தக் கார் அப்பாவிடம் வந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தகரத்தில் ஒன்றும் இல்லை. அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது.

ஹீட்டர் டேப்பைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. டேப்பைத் திறந்த நிலையிலேயே கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். ஒன்றல்ல, மூன்று கம்பிகள், ஒன்றின் மேல் ஒன்றாக, சடை பின்னினாற்போல்.

"எவன்டா இந்த ஒட்டுவேலை செஞ்சவன்?" என்று கொறடு வைத்துக் கம்பிகளை நறுக்கினாள். அரித்துப்போயிருந்த தார் அட்டையை ரமிரோ உரித்தான். பல வருடத் தூசி அதன்மேல் கருஞ்சாந்துபோல் படிந்திருந்தது. வெளியே கொண்டுபோய்ச் சுவரோரம் சாய்த்துவைத்தான்.

புதன்கிழமை காலை ரேடியேட்டர் தண்ணீரை இறக்கினார்கள். ஹீட்டர் வெளியே வந்தது. கார் முழுவதும் ஆறியது.

மதியம் ரமிரோ ஸ்டீயரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்திருந்தான். திடீரென்று கையை நிறுத்தினான்.

"அக்கா, ரிலே அடிச்சுக்குது."

நெலிதாவும் கேட்டாள். டக். டக்டக். டக்டக்டக். சின்னதாக, சீராக இல்லாமல்.

"பேட்டரியோட வயரை மாட்டினியாடா?"

"பேட்டரியே அங்க பெஞ்சுல இருக்கு, பாரு."

இருந்தது. அந்தக் காரில் அப்படிச் சத்தம் போடக்கூடிய ரிலே ஒன்றே ஒன்றுதான், இண்டிகேட்டருடையது. நெலிதா அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அது செத்த வண்டுபோல் சும்மா கிடந்தது.

டக்டக். டக்டக்டக்டக்.

அவள் சத்தத்தைத் தேடித் தலையை உள்ளே நீட்டினாள். டேஷ்போர்டு இருந்த குழியிலிருந்து வரவில்லை. அதற்கு இந்தப் பக்கம், முன்சீட்டின் மேலிருந்து வந்தது. உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் முகம் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்திலிருந்து.

ஈரக் கம்பளியின் வாடை அடித்தது.

"தகரம் சூடு ஆறுது. அந்தச் சத்தம்," என்றாள் நெலிதா. தொழில் தெரிந்தவர்கள் பயந்தால் முதலில் ஒரு காரணம் கண்டுபிடிப்பார்கள்.

ரமிரோ முன்சீட்டில் வைத்திருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். எடுத்த வேகத்தில் கத்தினான். உலோகம் அவன் விரலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்தபோது கொஞ்சம் தோலும் வந்தது. அவன் விரலை வாயில் வைத்துக்கொண்டு, "ஐஸ்கிரீம் வைக்க நல்ல சீட்டு அக்கா இது," என்றான். அதற்குப் பிறகு அவன் அந்தச் சீட்டில் எதையும் வைக்கவில்லை.

வியாழன் முழுவதும் அந்தச் சத்தத்தோடுதான் வேலை செய்தார்கள். ரேடியோவைச் சத்தமாக வைத்துப் பார்த்தார்கள். பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் நடுவே அது கேட்டது.

வெள்ளி மதியம் எல்லாம் மாட்டி முடிந்தது. புது வயர், புது டேப், புது தார் அட்டை. மூடுமுன் நெலிதா புது அட்டையில் தன் பெயரையும் தேதியையும் எழுதினாள். தண்ணீர் ஊற்றி இன்ஜினை ஓடவிட்டார்கள். காற்றுக் குமிழி வெளியேற ஹீட்டர் டேப் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். திறந்துவைத்தாள். பத்தே நிமிடத்தில் சூடு வந்தது.

சத்தம் நின்றது.

"பாத்தியா? ஏதோ லூசா இருந்திருக்கு, மாட்டினதும் சரியாயிடுச்சு," என்று ரமிரோ அவள் முதுகில் தட்டினான். நெலிதாவுக்கும் மூன்று நாளில் முதல்முறையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

ஐந்து மணிக்கு மிர்கோ வந்தார். அவர் கண்ணெதிரே நெலிதா டேஷ்போர்டிலிருந்த சின்ன நெம்புகோலைத் தள்ளி டேப்பை மூடிக் காட்டினாள்.

"இனிமே வேணும்னா தொறங்க, வேணாம்னா மூடுங்க."

"கடவுளே, என் மாமா ஆவி சாந்தியடையும்!"

ரமிரோ சீட்டை ஒரு கணம் பார்த்தான். பிறகு முன்பக்கமே ஏறி உட்கார்ந்தான். டேஷ்போர்டு மாட்டிய முதல் ஓட்டத்தில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எங்கே கிரீச்சிடுகிறது என்று காது கொடுத்து வர வேண்டும். அது எப்போதும் அவன் வேலை.

"முப்பத்தொண்ணுல ஹாரன் அடிச்சுட்டு ஆறரைக்கு வந்துடுவோம். சோப்பைப்பியா ரொட்டி சுட்டு வை," என்றான்.

பச்சைக் கார் வடக்கே திரும்பி மறைந்தது.

நெலிதா ஒர்க்‌ஷாப்பைப் பெருக்கினாள். குப்பையை வெளியே கொண்டுபோனபோது காற்று ஆளைத் தள்ளியது. மூன்று நாளாக அதே காற்று சுவரோரம் இருந்த பழைய தார் அட்டையின்மேல் மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. தூசி முழுக்கப் போய்விட்டது.

அட்டையில் மஞ்சள் எழுத்து தெரிந்தது.

அப்பாவின் கையெழுத்து. அவளுக்குக் கண் கலங்கியது. மண்டியிட்டு, தோளால் காற்றை மறைத்துக்கொண்டு படித்தாள்.

'1986 ஜூன் 9. ஸ்பீடோமீட்டர் கேபிளும் இரண்டு பல்பும் மாற்றினேன். ஹீட்டர் டேப் மூடியபடி இறுகிக் கிடக்கிறது. சூடு வராது. வாத்தியாருக்கு அவசரம். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். ஹி. ஓயார்சோ.'

அதற்குக் கீழே அதே கை, ஆனால் நடுங்கிய எழுத்து.

'1986 ஜூலை 30. மறுபடி திறந்தேன். டேப்பைத் திறந்து கம்பியால் கட்டிவிட்டேன். அவள் முன்சீட்டை விட்டு இறங்கவில்லை. சூடு இருந்தால் சும்மா இருக்கிறாள். யாரும் இதை மூட வேண்டாம். ஹி. ஓயார்சோ.'

'1995. கம்பி இற்றுவிட்டது. இரண்டாவது கம்பி. நானும் பார்த்தேன். மூட வேண்டாம். மெக்கானிக் பாரியா.'

'2004. மூன்றாவது கம்பி. இனி அவளைக் குளிர விடமாட்டேன் என்று வாத்தியார் நேர்ந்திருக்கிறார். உனக்குப் பின்னால் வருகிறவரே, கெஞ்சிக் கேட்கிறேன்.'

கடைசி வரி முடியவில்லை. அட்டையின் ஓரம் அதோடு உடைந்திருந்தது.

ஐந்து மணி நேரம் பனியில் நின்ற கார். மூடிக்கிடந்த ஒரு டேப். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதிய அப்பா. விடிய விடிய உட்கார்ந்து எல்லாவற்றையும் முடித்த அதே அப்பா. நெலிதாவுக்கு ஒரே நொடியில் எல்லாம் புரிந்துபோயிற்று. கூடவே, மூன்று கம்பிகளையும் நறுக்கிய தன் கையும் நினைவுக்கு வந்தது.

முன்சீட்டில் ரமிரோ இருந்தான்.

போன் போட்டாள். விமான நிலையத்தைத் தாண்டினால் அந்தச் சாலையில் சிக்னல் கிடையாது. கொறட்டை எடுத்துக்கொண்டு வேனுக்கு ஓடினாள்.

அந்த முப்பத்தொரு கிலோமீட்டரை எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. ஒருபக்கம் கடல் பளபளத்தது. மறுபக்கம் மஞ்சள் புல்லில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. இவ்வளவு வெளிச்சத்தில் அவன் சாகக் கூடாது, சாகக் கூடாது என்று உரக்கச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். ஆறு வயதில் அம்மாவை இழந்தவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். அவனைத் தவிர அவளுக்கு யாரும் இல்லை.

பச்சைக் கார் அனிமீத்தாவுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

கண்ணாடிகள் எல்லாம் வெள்ளையாக இருந்தன. உள்பக்கமாகப் பனி பூத்திருந்தது.

மிர்கோ ரமிரோ பக்கத்து முன்கதவைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தார்.

"கதவு தொறக்கலை நெலிதா! ஹாரன் அடிச்சேன், அவ்வளவுதான். அவன் பேச்சை நிறுத்திட்டான். என் பக்கமா வெளிய இழுத்தா வரமாட்டேங்கறான், அவன் மேல என்னமோ உக்காந்திருக்கு..."

நெலிதா ஓட்டுநர் பக்கமாக உள்ளே பாய்ந்தாள். நுரையீரலில் கத்தி இறங்கினாற்போல் குளிர் இறங்கியது. ரமிரோவின் உதடு நீலமாக இருந்தது. இமை மயிரில் வெள்ளை. கண் திறந்திருந்தது, அவளைப் பார்க்கவில்லை.

டக்டக்டக்டக்டக்.

அவனுடைய பல் அல்ல. அவன் வாய் அசையவே இல்லை.

நெம்புகோலை இழுத்தாள். கேபிள் உறைந்து, கையோடு உடைந்து வந்தது. அவள் டேஷ்போர்டுக்குக் கீழே புகுந்து கொறட்டை நேரே டேப்பில் வைத்துத் திருகினாள். அசையவில்லை. கொறடு வழுக்கியது. மறுபடி வைத்தாள். வழுக்கியது.

அப்போது அவள் தலையைத் திருப்பினாள்.

ரமிரோவின் பூட்சுக்கு முன்னால் இன்னும் இரண்டு கால்கள் இருந்தன.

கம்பளிக் காலுறை. ஈரம் சொட்டும் துணி ஷூ. குதிகால்கள் ஒன்றோடொன்று மோதி நடுங்கிக்கொண்டிருந்தன.

மேலேயிருந்து, காதுக்கு மிக அருகில், ஒரு இளம்பெண்ணின் குரல் வந்தது.

"குளிருதுங்க... இன்னும் எவ்வளவு தூரங்க?"

நெலிதா அழுதாள். பயத்தில் மட்டும் அல்ல. நாற்பது வருடமாக இந்தப் பெண் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்ற எண்ணம் அவளை உடைத்துவிட்டது.

"எங்க அப்பா செஞ்ச தப்பும்மா," என்றாள். "நானும் செஞ்சுட்டேன். அவனை விட்டுடு. அவன் ஒண்ணும் செய்யலை. என்கூட வா. நான் உன்னைக் குளிர விடமாட்டேன். சத்தியமா சொல்றேன். என்கூட வந்துடு."

சத்தம் நின்றது.

கால்கள் நடுங்குவதை நிறுத்தின. அவள் கண் இமைத்துத் திறந்தபோது, அங்கே ரமிரோவின் பூட்ஸ் மட்டும்தான் இருந்தது.

கதவு தானாகவே திறந்துகொண்டது. ரமிரோ அப்படியே சரிந்து மிர்கோவின் கையில் விழுந்தான். ஒரு பெரிய மூச்சு இழுத்தான். பிறகு இருமினான். அந்த இருமலைப்போல் இனிமையான சத்தத்தை நெலிதா வாழ்நாளில் கேட்டதில்லை.

"அக்கா," என்றான். "சோப்பைப்பியா சுட்டியா?"

"வாயை மூடுடா பாவி," என்று அவன் முகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

டேப் இப்போது கொறடு வைத்ததுமே சுலபமாகத் திறந்தது. கார் முழுக்கச் சூடு பரவியது. ரமிரோவைப் பின்சீட்டில் படுக்கவைத்து, மிர்கோவின் கோட்டைப் போர்த்தினார்கள்.

"நீங்க நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க அண்ணே. நான் பின்னாடியே வர்றேன்."

மிர்கோ தலையாட்டினார். பச்சைக் கார் திரும்பித் தெற்கே போனது. அதன் கண்ணாடிகளில் பனி உருகி, உள்ளே முன்சீட்டு காலியாக, வெயில் பட்டுத் தெளிவாகத் தெரிந்தது.

நெலிதா அனிமீத்தாவைப் பார்த்தாள். வாசலில் கையுறைகள் காற்றில் படபடத்தன. நெஞ்சில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு வேனில் ஏறினாள். முடிந்துவிட்டது என்றே நினைத்தாள். அப்படி நினைத்தவளைக் குறை சொல்ல முடியாது.

மூன்று கிலோமீட்டர் போனபிறகுதான் கவனித்தாள். அவள் பக்கத்துக் கண்ணாடியில் கடல் பளிச்சென்று தெரிந்தது. பக்கத்து சீட்டின் கண்ணாடியில் மஞ்சள் புல் தெரியவில்லை. அது உள்ளேயிருந்து மெல்ல மெல்ல மங்கிக்கொண்டு வந்தது.

ஈரக் கம்பளி வாடை.

என்கூட வா என்று அவள்தான் கூப்பிட்டிருந்தாள். ஆர்மிந்தாவின் வாசலில், வாய்விட்டு, சத்தியம் செய்து.

நெலிதா திரும்பிப் பார்க்கவில்லை. வேனின் ஹீட்டர் நெம்புகோலை முழுக்க இழுத்தாள். விசிறி கரகரவென்று சுற்றியது. இரண்டு வருடமாக வருவதுபோலவே குளிர்ந்த காற்றுதான் வந்தது.

"வீட்டுக்குப் போனதும் டேஷ்போர்டைக் கழட்டிடறேன்," என்றாள். குரல் அவளுடையதுபோலவே இல்லை. "இன்னைக்கே. அடுத்த வாரம் இல்லை. இன்னைக்கே."

பக்கத்து சீட்டின் ஸ்பிரிங் மெல்லக் கிரீச்சிட்டது, யாரோ அவள் பக்கம் சாய்வதுபோல்.

கியரைப் பிடித்திருந்த அவள் கையின்மேல் சின்னதாக ஒரு கை வந்து படிந்தது.

ஊருக்கு இன்னும் இருபத்தெட்டு கிலோமீட்டர் இருந்தது.

டக், என்றது. டக்டக்.